1809 டிரோல் கிளர்ச்சி: டெஃப்ரெகரின் கிழவர்கள் எங்கே போகிறார்கள்?

கித்தான்பித்தன்:
ஓவியப் பிரிவில் கொஞ்ச காலமாகப் பூச்சாடியும் நிலக்காட்சியுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாறுதலுக்கு ஒரு வரலாற்று ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிரான்ஸ் டெஃப்ரெகர் 1874இல் வரைந்த 'கடைசிப் படைதிரட்டு'. வியன்னாவின் பெல்வெடேர் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. 1809இல் ஆல்ப்ஸ் மலைநாடான டிரோலில் நடந்த கிளர்ச்சிதான் கரு.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: ஒரு மலைக் கிராமத்துத் தெரு. ஒரு கூட்டம் நம்மை நோக்கி நடந்து வருகிறது. அத்தனை பேரும் கிழவர்கள். கையில் இருப்பவை வயலிலும் தொழுவத்திலும் கிடந்த சாமான்கள். ஓரமாகப் பெண்களும் குழந்தைகளும் நின்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான். எதிரி இல்லை, பீரங்கிப் புகை இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இளைஞன் ஒருவன்கூட ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் படம் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அவர்களெல்லாம் முன்பே போய்விட்டார்கள்.

ஒரு கிளர்ச்சியைப் பற்றி இவ்வளவு அடக்கமாகச் சொன்ன வரலாற்று ஓவியம் அந்தக் காலத்தில் குறைவு என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் வாருங்கள்.

பொடிநடை:
அண்ணா, முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகம். யார் யாரை எதிர்த்து? நெப்போலியனையா, ஆஸ்திரியாவையா? பெயர்களே வாயில் நுழையவில்லை.

சரித்திரப்பூனை:
சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரோல் பல நூற்றாண்டுகளாக ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் நிலம். 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸில் நெப்போலியனிடம் தோற்ற ஆஸ்திரியா, பிரஸ்பர்க் உடன்படிக்கையில் டிரோலைப் பக்கத்து ஜெர்மன் அரசான பவேரியாவுக்குத் தாரைவார்த்தது. பவேரியா அப்போது நெப்போலியனின் கூட்டாளி. அதன் அமைச்சர் மோன்ட்கெலாஸுக்கு எல்லாவற்றையும் நவீனமாக்கிவிட வேண்டும் என்ற வேகம். நள்ளிரவுத் திருப்பலிக்குத் தடை, பவனிகளுக்குத் தடை, கோயில் மணி அடிக்கக்கூடக் கட்டுப்பாடு. 1807இல் அம்மைத் தடுப்பூசி கட்டாயம். புது வரிகள். 1808இல் டிரோல் என்ற பெயரையே எடுத்துவிட்டு இன், ஐசாக், எட்ஷ் என்று ஆறுகளின் பெயரில் மூன்று மாவட்டங்களாகக் கூறுபோட்டார்கள்.

கடைசியில் கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பு வந்தது. இதுதான் முக்கியம். 1511ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றின்படி டிரோல்காரர்கள் தங்கள் மண்ணைக் காக்க மட்டும் ஆயுதம் எடுத்தால் போதும், மன்னரின் வெளியூர்ச் சண்டைகளுக்குப் போக வேண்டியதில்லை. கிட்டத்தட்ட 300 ஆண்டு உரிமை. 1809 மார்ச்சில் டிரோலின் தலைநகரான இன்ஸ்புரூக்கை அடுத்த ஆக்ஸாம்ஸ் ஊரில் பையன்களைப் பிடிக்க ஆள் வந்ததும் பற்றிக்கொண்டது.

ஏப்ரலில் ஆஸ்திரியா மறுபடி நெப்போலியனோடு மோத, டிரோலும் எழுந்தது. தலைவர் ஆண்ட்ரியாஸ் ஹோஃபர், பாசையர் பள்ளத்தாக்கில் சத்திரம் நடத்தியவர், பெரிய தாடிக்காரர். அவரோடு ஷ்பெக்பாகர், கப்புச்சின் துறவி ஹாஸ்பிங்கர் முதலானோர். இன்ஸ்புரூக்குக்கு வெளியே பெர்கிசல் குன்றில் அதே ஆண்டு ஏப்ரல், மே, ஆகஸ்ட், நவம்பர் என நான்கு முறை மோதல். ஆகஸ்ட் 13 அன்று பிரெஞ்சு மார்ஷல் லெஃபெவ்ரின் படையையே பின்வாங்க வைத்தார்கள். நவம்பர் 1இல் தோற்றார்கள். ஹோஃபர் மலைக்குடிசை ஒன்றில் ஒளிந்திருந்தார், உள்ளூர்க்காரன் ஒருவன் காட்டிக்கொடுத்தான். 1810 பிப்ரவரி 20 அன்று இத்தாலியின் மாந்துவாவில் சுட்டுக் கொன்றார்கள்.

பொடிநடை:
நன்றி பூனையாரே. ஆனால் தடுப்பூசி போடாதே என்று ஒரு கலகமா? இப்போது நடந்ததைப் போல இருக்கிறதே.

சரித்திரப்பூனை:
அது ஒரு காரணம் மட்டும்தான். ஊசி வழியாகப் புராட்டஸ்டண்ட் மதத்தை உடம்பில் ஏற்றிவிடுவார்கள் என்று கத்தோலிக்கர்களான அந்த மக்களிடையே வதந்தி ஓடியது உண்மை. ஆனால் வரியும் ஆள்பிடிப்பும் இல்லாமல் ஊசிக்காக மட்டும் யாரும் துப்பாக்கி தூக்கியிருக்க மாட்டார்கள்.

மலைச்சாரல்:
கித்தான்பித்தன் 'அடக்கம்' என்று சொல்வதை நான் 'மறைப்பு' என்பேன்.

1809 ஏப்ரலில் இன்ஸ்புரூக்கைப் பிடித்ததும் கிளர்ச்சிக்காரர்கள் செய்த வேலைகளில் ஒன்று யூதர் வீடுகளைச் சூறையாடியது. ஆகஸ்டில் ஹோஃபர் அரண்மனையில் அமர்ந்து ஆட்சி செய்தபோது, பெண்கள் மார்பும் கையும் தெரிய உடுத்தக்கூடாது என்று ஆணை போட்டார். இது அடக்குமுறைக்கு எதிரான கிளர்ச்சி, சரி. பழைய ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவரும் கிளர்ச்சியும் அதேதான். டெஃப்ரெகரின் படத்தில் இரண்டாவது பாதி எங்கே? வெள்ளைத் தாடியும் சுருக்கம் விழுந்த முகமும் காட்டினால் யாருக்குத்தான் மனம் இளகாது? கிழவர்களைப் பார்த்து 'நீங்கள் எதற்காகப் போகிறீர்கள்?' என்று கேட்கவே தோன்றாதபடி வரைந்திருக்கிறார். அதுதான் கைத்திறமை, அதுதான் என் புகாரும்.

பெண்களைப் பாருங்கள். எல்லாரும் ஓரத்தில் நின்று வழியனுப்புகிறார்கள்.

கித்தான்பித்தன்:
மலைச்சாரல் அக்கா, ஒரு கித்தானில் ஒரு கிளர்ச்சியின் எல்லாக் கணக்கையும் தீர்க்க முடியுமா? சூறையாடலை அவர் வரையவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வரையாமல் விட்டதில் வெற்றியும் இருக்கிறதே. ஆகஸ்ட் 13 கண்முன்னே கிடக்கிறது. ஓட்டமெடுக்கும் பிரெஞ்சுக்காரர்கள், கொடி, குன்று, தாடிவைத்த தலைவர். எந்த வரலாற்று ஓவியனும் பாய்ந்து எடுக்கும் காட்சி. இவர் எடுத்ததோ எல்லாம் கைநழுவிய பிறகான ஒரு தெரு.

அப்புறம் ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெஃப்ரெகர் 1835இல் கிழக்கு டிரோலில், டெல்சாக் அருகே ஒரு பண்ணையில் பிறந்தவர். மாடு மேய்த்திருக்கிறார். அப்பா இறந்த பிறகு பண்ணையை விற்றுவிட்டு ஓவியம் கற்கப் போனார். போன இடம் எது தெரியுமா? மியூனிக். பவேரியாவின் தலைநகரம்! அங்கேயே வரலாற்று ஓவியர் பிலோட்டியிடம் படித்து, அங்கேயே பேராசிரியராகி, பவேரியாவிலேயே பிரபுப் பட்டம் வாங்கி, 1921இல் அங்கேயே இறந்தார். தாத்தா காலத்து எதிரியின் ஊரில் உட்கார்ந்துகொண்டு தாத்தாக்களை வரைந்த ஆள். படத்தில் எதிரி ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமா? பவேரியச் சீருடையை மிதிப்பதுபோல் வரைந்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?

மலைச்சாரல்:
நீங்களே என் கட்சிக்கு வாதாடிவிட்டீர்களே தம்பி. எதிரியை எடுத்துவிட்டால் மியூனிக்கிலும் விற்கலாம், வியன்னாவிலும் விற்கலாம்.

தூரிகைமணி:
விற்பதற்காக வரைந்தால் பொய் என்று ஆகிவிடுமா? நாங்களெல்லாம் என்ன செய்வது :)

நான் வரைகிறவன், வரலாறு அரைகுறை. கைவேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் விஷயம், நடை. கூட்டம் குறுக்காக, இடமிருந்து வலமாகப் போனால் அது ஊர்வலம். நாம் வேடிக்கை பார்ப்பவர்கள். இங்கே நேராக நம் மேல் வருகிறார்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் நாம் வழிவிட்டாக வேண்டும். தெருவை ஒடுக்கமாக வைத்திருப்பது இதற்குத்தான்.

இரண்டாவது, ஆயுதம். புல்லறுக்கும் நீண்ட காம்பு அரிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கான அரிவாளில் அலகு காம்புக்குக் குறுக்கே, ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும், தரையை ஒட்டி வீசத்தான் அது ஆகும். சண்டைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கொல்லரிடம் கொடுத்து, அலகைக் காம்பின் நேர்க்கோட்டில் திருப்பிப் பொருத்த வேண்டும். அப்போது அது ஒருவகை ஈட்டி. ஆனால் அதற்குப் பிறகு அதை வைத்துப் புல் அறுக்க முடியாது. ஆகவே அரிவாளைத் திருப்புகிறவன், இந்தப் பருவத்து அறுவடையை எனக்குப் பதில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துவிட்டவன். ஐரோப்பாவின் உழவர் கிளர்ச்சிப் படங்களில் திருப்பிய அரிவாள் அடிக்கடி வரும். பலர் அதை அலங்காரமாக வரைவார்கள். பண்ணையில் வளர்ந்த டெஃப்ரெகருக்கு அதன் எடை தெரியும், பிடித்திருக்கும் கையில் அது தெரிகிறது.

மூன்றாவது குறையாகவே சொல்கிறேன். தொனி. அந்தப் பழுப்பு அன்றைய மியூனிக் ஓவியர்களின் பாணிக்கே உரியது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி கனிவாக்கிவிடும். மலைச்சாரல் சொல்லும் 'மனம் இளகல்' பாதி இந்தப் பழுப்பின் வேலை.

சரித்திரப்பூனை:
கித்தான்பித்தன் எழுதியது: "எல்லாம் கைநழுவிய பிறகான ஒரு தெரு"

இந்த இடத்தில் தேதிகளை வைத்துப் பாருங்கள், படம் இன்னும் கனக்கும். 1809 அக்டோபர் 14 அன்று வியன்னாவின் ஷோன்புரூன் அரண்மனையில் ஆஸ்திரியப் பேரரசர் நெப்போலியனோடு சமாதானம் செய்துகொண்டார். யாருக்காக டிரோல் எழுந்ததோ அந்தப் பேரரசரே கைகழுவிவிட்டார். அதற்குப் பிறகுதான் நவம்பர் 1 பெர்கிசல் தோல்வி. அதோடு நின்றதா? ஹோஃபர் நவம்பர் தொடக்கத்தில் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சம்மதித்தார். பிறகு ஹாஸ்பிங்கர் போன்றோர் நெருக்க, மனம் மாறி மறுபடி அழைப்பு விடுத்தார். அந்த ஊசலாட்டத்தில் செத்தவர்கள் பலர்.

படம் எந்த நாளைக் காட்டுகிறது என்று ஓவியர் தேதி எழுதி வைக்கவில்லை. ஆனால் கிழவர்கள்தான் மிச்சம் என்ற நிலை வருவது ஆண்டின் அந்தக் கடைசியில்தான். அப்படியானால் இவர்களை அனுப்பியது யார்? பேரரசர் இல்லை, அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். படத்தில் இல்லாதவர்களின் பட்டியலில் எதிரியோடு அரசரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாரல்:
இதை ஏற்கிறேன். ஆனால் இது உங்கள் அறிவு, படத்தின் அறிவு இல்லை. 1874இல் இதைப் பார்த்த வியன்னாக்காரர் எத்தனை பேர் 'நம் பேரரசர் கைவிட்ட ஆட்கள்' என்று படித்திருப்பார்கள்? 'நம் பேரரசருக்காக உயிர் கொடுத்த ஆட்கள்' என்றுதான் படித்திருப்பார்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்கும் படம் பலம் உள்ள பக்கம் சாயும்.

ஒற்றைவிளக்கு:
இழைக்குப் புதியவன். ஸ்பெயின் ஓவியர் கோயாவை யாரும் சொல்லவில்லையே? 1808 மே 2 அன்று மாட்ரிட் மக்கள் பிரெஞ்சுப் படைக்கு எதிராக எழுந்தார்கள், மறுநாள் விடியுமுன் பிடிபட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். டிரோலுக்கு ஓராண்டு முன்பு, அதே நெப்போலியன். கோயா 1814இல் இரண்டு நாளுக்கும் ஒவ்வொரு படம் வரைந்தார், இரண்டும் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளன. மே 3 படத்தில் தரையில் ஒரு சதுர விளக்கு. வெள்ளைச் சட்டைக்காரன் கையை விரித்து முழந்தாளில் நிற்கிறான். சுடுகிறவர்கள் முதுகைக் காட்டி நிற்கிறார்கள், ஒரு முகமும் கிடையாது. அதற்குப் பக்கத்தில் டெஃப்ரெகரை வைத்தால் நாட்காட்டிப் படம்.

கித்தான்பித்தன்:
கோயா மலை, மற்றவர்கள் மடு என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கோயா அந்தக் காலத்தை வாழ்ந்தவர், ஆறு ஆண்டுக்குள் வரைந்தார். டெஃப்ரெகர் வரைந்தது 65 ஆண்டு கழித்து, பாட்டி கதையாகக் கேட்டதை. இரண்டு வேலையும் ஒன்றல்ல. கோயா 'இதைச் செய்தார்கள்' என்கிறார். டெஃப்ரெகர் 'இவர்கள் எங்களவர்கள்' என்கிறார்.

மலைச்சாரல்:
அந்த 'எங்களவர்கள்'தான் எனக்கு உறுத்துகிறது. கோயாவின் வெள்ளைச் சட்டைக்காரன் ஸ்பெயின்காரன் என்று தெரியாதவருக்கும் அவன் பயம் புரியும். இந்தக் கிழவர்களை ரசிக்க டிரோல் உடையும் டிரோல் மலையும் வேண்டும்.

ஒற்றைவிளக்கு:
அதே.

தூரிகைமணி:
ஒற்றைவிளக்கு, 'அதே' என்று ஒரு வார்த்தையில் தப்பிக்காதீர்கள். மே 2 படத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதில் கிளர்ச்சிக்காரன் குதிரை மேலிருக்கும், பிரெஞ்சுப் படையின் மம்லூக் வீரனைக் கீழே இழுத்துக் குத்துகிறான், இன்னொருவன் குதிரையையே குத்துகிறான். கோயாவின் மக்கள் அதில் தியாகிகளாகத் தெரியவில்லை. அக்கா கேட்ட 'இரண்டாவது பாதி'யை வரைந்த ஆள் அவர்தான், அதுவும் மே 3இல் இல்லை, மே 2இல்.

மலைச்சாரல்:
ஆமாம். அதனால்தான் எல்லாரும் மே 3ஐயே அச்சடிக்கிறார்கள்.

நெறியாளர்:
நல்ல இழை. வேறு நாட்டுக் கிளர்ச்சி ஓவியங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே டிரோலோடு நிற்போம்.

பொடிநடை:
அப்படியென்றால் கித்தான்பித்தன் அண்ணா சொன்ன அந்த ஆகஸ்ட் 13 வெற்றியை யாரும் வரையவே இல்லையா?

சரித்திரப்பூனை:
வரையாமல் விடுவார்களா! மிகேல் சேனோ டீமர் 1896இல் இன்ஸ்புரூக்கில் அதைச் சுற்றோவியமாகவே வரைந்தார். ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் கித்தான், 360 பாகை. நடு மேடையில் நின்றால் சுற்றிலும் போர். மேடைக்கும் கித்தானுக்கும் இடையில் நிஜ மண், கல், வேலி என்று போட்டு, எங்கே பொருள் முடிகிறது, எங்கே வண்ணம் தொடங்குகிறது என்று தெரியாதபடி செய்வது அந்தக் காலத்துப் பனோரமாக்களின் வித்தை. 2010இல் மொத்தக் கித்தானையும் பழைய வட்டக் கட்டடத்திலிருந்து எடுத்துப் பெர்கிசல் குன்றின் மேலேயே புது அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளூரில் அதற்குப் பெரிய எதிர்ப்பும் கிளம்பியது.

அதில் எதிரி உண்டு, புகை உண்டு, தலைவர் உண்டு. டெஃப்ரெகர் விட்ட எல்லாமே உண்டு. பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'எவ்வளவு பெரிசு!' என்பார்கள். வேறு ஏதாவது சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

கித்தான்பித்தன்:
சரி, இப்போது நான் இழையைத் தொடங்கியதன் உண்மையான நோக்கத்துக்கு வருகிறேன். ஆல்பின் எக்கர்-லீன்ஸ்.

இவரும் ஓவியர், கிழக்கு டிரோலின் லீன்ஸ் ஊர்ப் பக்கத்தவர், 1868இல் பிறந்தவர். டெஃப்ரெகரின் சொந்த ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். இளம் வயதில் இவருக்கு ஊக்கம் கொடுத்தவர் டெஃப்ரெகர்தான், இவரும் மியூனிக்கில்தான் படித்தார். ஆரம்பப் படங்களில் அந்தப் பழுப்பும் அந்தக் கூட்டமும் அப்படியே இருக்கின்றன. பிறகு 1809இன் நூற்றாண்டு நெருங்குகிறது. ஊரெல்லாம் விழாவுக்குத் தயாராகிறது. இவர் 1908இல் முடித்த படம், 'ஒன்பதாம் ஆண்டின் சாவுக் கூத்து' (ஒன்பது என்றால் 1809). டெஃப்ரெகரின் அதே உழவர்கள், அதே கருவிகள். ஆனால் தெரு இல்லை, வீடு இல்லை, வழியனுப்பப் பெண்கள் இல்லை. மண் நிறத்தில் கனத்த உடம்புகள், சகதியில் காலை இழுப்பதுபோன்ற நடை. அவர்களோடு ஒரு எலும்புக்கூடும் நடக்கிறது. யாரும் அதைக் கண்டு திடுக்கிடவில்லை.

விழாக் கொண்டாட இருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கு இவரது போக்கு பிடிக்கவில்லை. வியன்னா அகாதெமியில் கிடைக்க இருந்த பேராசிரியர் பதவி கைநழுவியது.

அக்கா, டெஃப்ரெகர் கேட்க விடாத கேள்வியை அவர் ஊர்ப் பையனே கேட்டுவிட்டான். ஆனால் கேட்பதற்கு அந்தக் கிழவர்களின் ஊர்வலம் முன்னால் இருந்திருக்க வேண்டும்.

மலைச்சாரல்:
எக்கர்-லீன்ஸ் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். இதை ஒப்புக்கொள்ளலாம். முகங்கள் கிட்டத்தட்ட ஒரே முகம். யாரையும் 'பாவம் தாத்தா' என்று தனியாக எடுத்துக் கொஞ்ச முடியவில்லை. ஆனால் நீங்கள் இதை டெஃப்ரெகரின் கணக்கில் வரவு வைப்பது கொஞ்சம் அதிகம்.

சரித்திரப்பூனை:
இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியாவின் மேல் போர் அறிவித்தது. டிரோலின் வழக்கமான படைகளெல்லாம் கிழக்கே ரஷ்ய முனையில் சிக்கியிருந்தன. எல்லையைக் காக்க ஆள் இல்லை. ராணுவ வயது தாண்டிய கிழவர்களையும் வயது எட்டாத பையன்களையும் ஊர்த் துப்பாக்கிக் கழகங்களிலிருந்து திரட்டி மலைக்கு அனுப்பினார்கள். டெஃப்ரெகரின் படம் அப்படியே, இந்த முறை துப்பாக்கியோடு. அந்தப் படையில் 47 வயது எக்கர்-லீன்ஸும் சேர்ந்தார்! கொஞ்ச காலத்தில் உடல்நிலை காரணமாக முனையிலிருந்து விலக்கப்பட்டுப் போர் ஓவியராக வேலை செய்தார். 1916இல் அவர் வரைந்த 'பெயரற்றவர்களுக்கு, 1914' படத்தில் வீரர்கள் ஏறக்குறையத் தரையோடு தரையாகக் குனிந்து முன்னேறுகிறார்கள். நிமிர்ந்து நடப்பவர் யாரும் இல்லை.

ஒற்றைவிளக்கு:
1944ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாஜிகள் தோற்கும் கட்டத்தில் 16 முதல் 60 வயது வரை உள்ளவர்களைத் திரட்டினார்கள். டெஃப்ரெகர் ஹிட்லருக்குப் பிடித்த ஓவியர்களில் ஒருவர் என்பதையும் மறக்க வேண்டாம். 'பலம் உள்ள பக்கம் சாயும்' என்று மலைச்சாரல் சொன்னது இதைத்தான்.

தூரிகைமணி:
பிடித்திருந்தது ஹிட்லருக்கு, தண்டனை 1921இல் செத்தவருக்கா? ஆனால் சாயும் என்பது சரி. எங்கே சாய்கிறது என்று கேட்டால், அந்த முன்வரிசைக் கிழவர்களின் முகத்தில் பயம் இல்லை. ஒருவர் முகத்திலாவது பயத்தை வைத்திருந்தால் எந்தக் கட்சியாலும் சுவரொட்டியாக்க முடியாத படமாக இருந்திருக்கும். அதைச் செய்ய அவருக்குக் கைத்திறமை போதாமல் இல்லை.

கித்தான்பித்தன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, யோசிக்கிறேன். வழியனுப்பும் பெண்களின் பக்கம் அந்தப் பயத்தைத் தள்ளிவிட்டார் என்று சொல்லிப் பார்க்கலாம். அக்கா உடனே பிடித்துக்கொள்வார்.

மலைச்சாரல்:
பிடித்துக்கொண்டேன். ஆண்கள் பங்குப் பயத்தையும் நாங்களே படுகிறோம்.

பொடிநடை:
அடுத்த வருடம் வியன்னா போகும் வாய்ப்பு இருக்கிறது. இரண்டில் எதை முதலில் பார்க்கட்டும்?

தூரிகைமணி:
டெஃப்ரெகரை. எக்கர்-லீன்ஸை முதலில் பார்த்துவிட்டால் டெஃப்ரெகர் முன்னால் ஐந்து நிமிடம்கூட நிற்க மாட்டீர்கள், அது அநியாயம். இரண்டும் பெல்வெடேர் சேகரிப்புதான், ஆனால் எல்லாப் படமும் எப்போதும் சுவரில் இருக்காது. கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் எது காட்சியில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.